எழுபத்திரண்டு நீல மேலங்கிகள்

வர்ணம் பீய்ச்சுகிற ஏர்பிரஷைப் பிடிப்பது பேனா பிடிப்பது மாதிரிதான் என்று சொல்லிக்கொடுக்கிறவர்கள் எல்லோரும் சொல்வார்கள். நம்பாதீர்கள். பேனா தும்முவதில்லை.

நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக நிதானமாகவே சொல்கிறேன். அவசரப்பட்டு எதையும் செய்கிற ஆள் இல்லை நான். ஒரு மரச்சாமான் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஸ்டோர் பார்க்கிறேன். கையுறை, கண்ணாடி, மாஸ்க் எதுவானாலும் என் ஜன்னலுக்கு வந்து கையெழுத்துப் போட்டுத்தான் வாங்கிப் போக வேண்டும். வர்ணம் அடிக்கிற பிரிவில் முப்பது பேர். அவர்கள் இழுக்கிற மூச்சுக்கு நான் பொறுப்பு. இத்தனை வருஷத்தில் ஒருவனுக்குக்கூட ஒன்றும் ஆனதில்லை, விசாரித்துப் பார்த்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கிளப்புக்குப் போவேன். சைக்கிள் கடைக்கு மேல் மாடி. நாலு பெரிய மேசைகள், அவற்றின் மேல் அட்டையில் செய்த மலை, பாலம், இடிந்த கோட்டை. விரல் உயரச் சிப்பாய்களை அணி அணியாக நிறுத்தி, பகடை உருட்டி, டேப் வைத்து அளந்து நகர்த்தி, சண்டை போடுவோம். அரைக் கிழங்கள் எல்லாம் பொம்மை வைத்து விளையாடுகிறதா என்று உங்களுக்குச் சிரிப்பு வருகிறது, தெரிகிறது. பரவாயில்லை. என் மைத்துனனுக்கும் அப்படித்தான் வந்தது.

கிளப்பின் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் வைத்த சட்டம் ஒன்று உண்டு: வர்ணம் ஏறாத சிப்பாய் மேசை ஏறக் கூடாது. என்னிடம் எழுபத்திரண்டு சிப்பாய்கள் இருந்தார்கள், எல்லாரும் கடையிலிருந்து வந்தபடி சாம்பல் நிற பிளாஸ்டிக்காக. அதனால் பதினாலு மாதம் நான் மற்றவர்கள் சண்டை போடும்போது டேப் பிடித்தேன். "ஸ்டோர், அந்த முனையப் பிடிங்க", "ஸ்டோர், எத்தன இஞ்ச்?" இவ்வளவுதான் என் யுத்தம். என் சொந்தப் படையை ஒரு நாள் அந்த மேசையில் நிறுத்திவிட வேண்டும் என்பதைத் தவிர அந்த நாட்களில் எனக்கு வேறு ஆசை கிடையாது. இதைப் பெரிய ஆசை என்று நான் இப்போதும் நினைக்கவில்லை.

கம்பிரசர் வாங்கினேன், ஏர்பிரஷ் வாங்கினேன், வீட்டில் பின்னறையைக் காலி செய்து மேசை போட்டேன். வர்ணத்தைப் பால் பதத்துக்குக் கரைக்க வேண்டும் என்றார்கள். எந்தப் பால் என்று ஒருத்தனும் சொல்லவில்லை. கொஞ்சம் தண்ணியாகிவிட்டால் சிப்பாயின் முதுகில் சிலந்திக் கால் மாதிரி நாலாபக்கமும் ஓடுகிறது. கெட்டியாகிவிட்டால் ஊசி முனையில் காய்ந்து அடைத்துக்கொண்டு, நான் கையை எடுக்கப் போகிற நேரம் பார்த்துத் துப்புகிறது. தள்ளிப் பிடித்தால் வர்ணம் காற்றிலேயே காய்ந்து மணலாக விழுகிறது. கிட்டே பிடித்தால் குளம் கட்டுகிறது. நோட்டுப் போட்டு எழுதினேன். எத்தனை சொட்டு வர்ணம், எத்தனை சொட்டுத் தின்னர், எவ்வளவு அழுத்தம், அன்றைய வெயில் எப்படி என்று எல்லாவற்றையும் எழுதினேன். முறைப்படி செய்தால் வராத வேலை உலகத்தில் கிடையாது என்பது என் கொள்கை. வரவில்லை. படைத்தலைவன் ஒருவனை மட்டும் பதினொரு தடவை ஸ்பிரிட்டில் ஊறப்போட்டுச் சுரண்டி, மறுபடி அடித்தேன். எட்டு மாதம் இப்படியே போயிற்று. எரிச்சல் என்றால் சாதாரண எரிச்சல் இல்லை. சோற்றில் கை வைத்தால்கூட அந்தத் துப்பல் சத்தம்தான் காதில் கேட்டது.

மைத்துனன் ஒரு நாள் வந்தான். என் மனைவியின் தம்பி. மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன அத்தான், உங்க படைக்கு மொத்தமா அம்மை போட்டிருக்கா?" என்றான்.

"சும்மா இருடா" என்று அவள் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். அதற்கு முன்னால் அவள் சிரித்தாள். அரை நொடிதான் இருக்கும்.

என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் ஒரு பேக்கரியில் கேக் மேல் கிரீமில் பூ, கொடி, பெயர் எல்லாம் போடுகிறவளாக இருந்தாள். நல்ல கை. சும்மா சொல்லக் கூடாது. மாவுத் தூசி ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்து வேலையை விட்டுவிட்டாள். இன்ஹேலர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். பகல் முழுக்க வீட்டில் தனியாக இருப்பாள். கை சும்மா இருக்கிறதே என்று அடிக்கடி சொல்வாள். நான் அதை ஒரு பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சாயங்காலம் நான் திணறிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றாள். "ஏங்க, ஒரு தடவ குடுங்களேன், பாக்கறேன்" என்றாள். கொடுத்தேன். ஒரு காகிதத்தில் இரண்டு கோடு போட்டுப் பார்த்தாள். பிறகு ஒரு சிப்பாயை எடுத்து மேலங்கியில் அடித்தாள். தோளில் வெளிர்நீலம், கீழே வரவரக் கருநீலம். இரண்டும் எங்கே சந்திக்கின்றன என்று கண்டுபிடிக்க முடியவில்லை. நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

"கைய ஓட்ட ஆரம்பிச்சப்புறம் வர்ணத்தத் திறக்கணும்ங்க. கை ஓடிட்டு இருக்கும்போதே மூடிடணும். நீங்க நின்ன இடத்துல திறந்து, நின்ன இடத்துல மூடறீங்க. அதான் குளம் கட்டுது" என்றாள்.

"இது கேக் இல்ல" என்றேன்.

சத்தம் போடவில்லை. ஏர்பிரஷை வாங்கி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான். அவள் "சாரிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு நான் இருக்கும்போது அந்த மேசைப் பக்கமே வரவில்லை. அவள் அடித்த அந்தச் சிப்பாயை நான் ஸ்பிரிட்டில் போட்டுவிட்டேன்.

அதன் பிறகுதான் எனக்குக் கை வர ஆரம்பித்தது. எப்படி என்றால், சாயங்காலம் நான் அடித்து முடிக்கும்போது வழக்கம்போல மணலும் குளமுமாகத்தான் இருக்கும். வெறுத்துப்போய் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துவிடுவேன். மறுநாள் வேலை முடிந்து வந்து பார்த்தால் வழுவழுவென்று இருக்கும். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, சிப்பாய்களை அடுக்கி வைத்த ஒவ்வொரு தட்டும் அப்படித்தான். நான் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். வர்ணம் முழுசாகக் காய ஒரு நாள் ஆகிறது, காயும்போது மெல்ல மெல்லத் தானாகப் படிகிறது, இத்தனை நாள் நான் பொறுக்காமல் உடனுக்குடன் சுரண்டிக் கெடுத்திருக்கிறேன் என்று. நோட்டில் அதற்கு இரண்டு பக்கம் எழுதினேன். இப்போது நீங்கள் சிரிக்கலாம்.

படையைக் கிளப்புக்குக் கொண்டுபோன அன்று பல் டாக்டர் பூதக்கண்ணாடி எடுத்து வந்தார். "ஸ்டோர், எங்கிருந்துய்யா இத்தன நாளா ஒளிச்சு வச்சிருந்தீங்க இந்தக் கைய?" என்றார். எல்லோரும் எழுந்து வந்து சுற்றி நின்றார்கள். அன்று சண்டையில் நான் தோற்றேன், ஆனால் வீட்டுக்கு நடந்து போனது எனக்குத் தெரியவில்லை. அடுத்த ஞாயிறே எப்படி என்று கேட்டார்கள். இருபத்து நாலு மணி நேரம் தொடாதீர்கள், வர்ணத்தை அதன் போக்கில் விடுங்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். படித்தவர்கள், வக்கீல் ஒருவர், கணக்கு வாத்தியார் ஒருவர், குனிந்து எழுதிக்கொண்டார்கள். எனக்கு அப்படி யாரும் எழுதிக்கொள்ளும்படி பேசிப் பழக்கமில்லை. அந்த ஒரு மாதம் நான் நன்றாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்பாள். "இன்னிக்கு டாக்டர் என்ன சொன்னாரு?" முகமெல்லாம் பூரிப்பாக இருக்கும். நான் ஒன்று விடாமல் சொல்வேன்.

பிறகு ஒரு நாள் படைத்தலைவன் கை தவறித் தரையில் விழுந்தான். தோளில் ஒரு சில்லு பெயர்ந்தது. ஒட்டலாமா என்று பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மரச்சாமானுக்கு எத்தனை பூச்சு ஏறியிருக்கிறது என்று ஓரத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன், அது என் தொழில். சாம்பல் பிளாஸ்டிக், அதன் மேல் பிரைமர் என்கிற அடிப்பூச்சு, அதன் மேல் மணல் மணலாக என் நீலம். அதற்கும் மேலே, வெங்காயத் தோல் கனத்தில், வழுவழுப்பாக இன்னொரு நீலம்.

பிளேடு எடுத்து இன்னும் ஒன்பது சிப்பாய்களின் மேலங்கியை உட்பக்கமாகச் சுரண்டிப் பார்த்தேன். ஒன்பதிலும் அதேதான். நான் வேலைக்குப் போனதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக மேலே அடித்து, ஏர்பிரஷைக் கழுவி, நான் வைத்த இடத்தில் வைத்த கோணத்தில் திருப்பி வைத்திருக்கிறாள்.

அவள் என் சந்தோஷத்துக்காகத்தானே செய்தாள் என்று சொல்வீர்கள். எனக்கும் அது தெரிந்திருந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. கேலி செய்திருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன், சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். இதற்கு என்ன செய்வது? அவள் பாட்டுக்குச் சமைத்தாள், துணி மடித்தாள், டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள். தன் மார்க்கை என் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்கிறாள் என்று எனக்குப் பட்டது. அதோடு இன்னொன்றும் இருந்தது. இப்படிப்பட்ட விஷயம் எத்தனை நாளைக்கு வாய்க்குள் நிற்கும்? என்றைக்காவது தம்பியிடம் சொல்வாள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பேச்சுவாக்கில் சொல்வாள். அவன் ஊரெல்லாம் சொல்வான். இருபத்து நாலு மணி நேரக் காத்திருப்பைக் குனிந்து எழுதிக்கொண்டவர்கள் முகத்தை நான் எப்படிப் பார்ப்பது?

இரண்டு வாரம் வழக்கம்போல வேலைக்குப் போய் வந்தேன்.

மாஸ்க்கின் இரண்டு கன்னத்திலும் மாட்டுகிற வடிகட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு ஆயுள் உண்டு. தீர்ந்துபோனதா என்று பார்த்தால் தெரியாது, நிறமும் மாறாது. அதனால்தான் மாட்டுகிற நாளன்று வெள்ளை மையில் தேதி எழுதுவேன். நாள் தீர்ந்ததும் பிளேடால் ஒரு கீறல் போட்டுச் சிவப்பு டிரம்மில் எறிவேன், வேறு யாரும் தெரியாமல் எடுத்து மாட்டிவிடக் கூடாது என்று. இத்தனை வருஷத்தில் நான் கீறல் போடாமல் விட்ட வடிகட்டிகள் இரண்டே இரண்டு. அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய தேதியை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துவிட்டு அன்றைய தேதியை எழுதினேன்.

வார்னிஷும் எங்கள் ஸ்டோரிலிருந்துதான். இரண்டு டப்பாவைக் கலந்து அடிக்கிற ரகம், கண்ணாடி மாதிரிப் பளபளக்கும். மாஸ்க் இல்லாமல் அந்த டப்பாவைத் திறந்தவனை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம். இளைப்பு உள்ளவர்களை அந்தப் பிரிவில் சேர்ப்பதே கிடையாது. அந்த விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவன் நான்.

அவளிடம் நயமாகத்தான் கேட்டேன். வருடாந்தரக் கண்காட்சி வருகிறது, முழுப் படைக்கும் வார்னிஷ் ஏற வேண்டும், அன்றைக்கு ஒரு நாள் நீ அடித்தது நன்றாகத்தான் இருந்தது, நீயே அடித்துக் கொடேன் என்றேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் கை வேலையைப் பற்றி நான் நல்ல வார்த்தை சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

"நானா? நெசமாவா சொல்றீங்க?" என்றாள். கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணுங்க. கோவப்படக் கூடாது" என்றாள்.

"முதல்ல வேல முடியட்டும்" என்றேன்.

மாஸ்க்கை நானே மாட்டிவிட்டேன். வாரை இழுத்து, ஓரம் எங்கும் இடைவெளி இல்லாமல் உள்ளங்கையால் அழுத்திச் சரிபார்த்தேன், அந்த முப்பது பேருக்கும் செய்வது மாதிரியே. ஜன்னலைச் சாத்தினேன். ஈர வார்னிஷில் தூசி விழுந்தால் கதை முடிந்தது, இதை எவரைக் கேட்டாலும் சொல்வார்கள். தட்டுக்குப் பதினெட்டுப் பேர், நாலு தட்டு, ஒரு பகலுக்கு ஒரு தட்டு என்று பிரித்துக் கொடுத்தேன்.

இரண்டாம் நாள் சாயங்காலம், "ஏங்க, மாஸ்க்குக்குள்ள வாசன வருதே?" என்றாள்.

தொழிற்சாலையில் ஒருவன் இப்படிச் சொன்னால் அந்த நிமிடமே மெஷினை நிறுத்தி, அவனை வெளிக்காற்றுக்கு இழுத்துக்கொண்டு வருவேன். வடிகட்டி தீர்ந்துவிட்டது என்பதற்கு அது ஒன்றுதான் அடையாளம்.

"புதுசு அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

சரி என்று தலையாட்டினாள். மாஸ்க் விஷயத்தில் நான் சொன்னால் அவளிடம் அதற்கு அப்பீல் கிடையாது. மூன்றாம் நாள் ராத்திரி இருமினாள். நாளைக்கு வேண்டுமானால் விட்டுவிடு என்று சொன்னேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். "இன்னும் ஒரு தட்டுதானங்க, முடிச்சுர்றேன்" என்றாள். அவளாகச் சொன்னது.

நாலாம் நாள் நான் லீவு போட்டிருந்தேன். காலையில் வீட்டை ஒழுங்குபடுத்தினேன். இன்ஹேலரை அலமாரியின் மேல் தட்டில் எடுத்து வைத்தேன், கீழே கிடந்தால் வார்னிஷ் பிசுபிசுப்பு படும் என்று. மத்தியானம் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்துகொண்டு வந்தாள். மாஸ்க் கையில் இருந்தது. பேச வரவில்லை. உதடு நிறம் மாறியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அலமாரியைக் காட்டினாள்.

நான் முதலில் பின்னறைக்குப் போனேன். கடைசித் தட்டு அப்போதுதான் அடித்து முடித்த ஈரத்தில் இருந்தது. கதவு வேறு விரியத் திறந்து கிடந்தது. தட்டுகளை ஒவ்வொன்றாக மூடினேன். மூடிகள் மாறிப்போயிருந்தன, எந்தத் தட்டுக்கு எது என்று பொருத்திப் பார்க்க நேரமாயிற்று. அதன் பிறகுதான் அலமாரிக்கு வந்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது. சொல்ல வேண்டும் என்றாளே, அதைச் சொல்லப் பார்த்தாள் போலிருக்கிறது. எனக்குத்தான் அது தெரியுமே.

ஆம்புலன்ஸுக்கும் நான்தான் போன் செய்தேன். பழைய இளைப்பு, திடீரென்று முற்றிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. மைத்துனன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்காவ நீங்க நல்லாத்தான் பாத்துக்கிட்டீங்க அத்தான்" என்று அழுதான். அன்று நானும் அழுதேன். நடிப்பு இல்லை.

கண்காட்சி அதற்கு மூன்றாவது வாரம். படைக்கு முதல் பரிசு கிடைத்தது. யார் அடித்தது என்று நடுவர் கேட்டார். நான்தான் என்றேன்.

யாருக்கும் சந்தேகம் வராத விஷயத்துக்கு நீயாக ஏன் வந்தாய் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். மனசாட்சி உறுத்தியது என்று சொல்லிவிடலாம், கேட்க நன்றாக இருக்கும். உண்மையைச் சொன்னால் நான் நன்றாகத்தான் தூங்குகிறேன். போன செவ்வாய்க்கிழமை பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். அந்த மேலங்கியை எப்படி அடிக்கிறேன் என்று நான் எல்லோர் முன்னாலும் அடித்துக் காட்ட வேண்டுமாம். இந்த ஞாயிறு. இன்னும் இரண்டு கிளப்பிலிருந்து ஆள் வருகிறார்கள். மனசு சரியில்லை என்று சொன்னேன், கைக்கு வேலை இருந்தால் மனசு தேறும் என்றார். மணிக்கட்டு வலி என்றேன், அப்படியானால் ஒரு வாரம் தள்ளி வைக்கலாம் என்றார்; தள்ளி வைத்து என்ன ஆகப்போகிறது, இந்த ஞாயிறே இருக்கட்டும் என்றுவிட்டேன். மைத்துனன் அக்கா ஞாபகமாக வீடியோ எடுக்கப் போகிறானாம்.

நாலு நாளாக லீவு போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவள் சொன்னபடியே கையை ஓட்டிவிட்டுத் திறந்தேன், ஓடும்போதே மூடினேன். ஒன்றுகூட வரவில்லை. அத்தனை பேர் பார்க்க அது துப்பும். வேறு வழி இருந்தால் உங்கள் நேரத்தை வீணாக்கியிருக்க மாட்டேன்.

வடிகட்டிகள் இரண்டும் இதோ இந்தப் பையில் இருக்கின்றன. புதுத் தேதிக்கு அடியில் பழையதன் தடம் லேசாகத் தெரியும், விளக்கில் சாய்த்துப் பார்க்க வேண்டும். என் மனைவியை நான் கொன்றேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உள்ளே வைத்துவிட்டால் போதும். ஒரே ஒரு உதவி செய்யுங்கள், சார். கொலையைப் பற்றி நான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். மேலங்கிகளை அடித்தது யார் என்பது மட்டும் நமக்குள் இருக்கட்டும்.